எரிந்து அணையும் மஞ்சள் விளக்கு

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் சுமார் 20 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 20 நிமிடம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், திருமயம் கோட்டை கண்ணில் படுவதற்குள் ஸ்பார்க் பிளக்குகள் 80,000 முறை பொறி தட்டியிருக்கும். நூற்றுக்கு இரண்டு மூன்று பொறி தவறினாலே காருக்குள் இருக்கும் கணினி கண்டுபிடித்துவிடும். டாஷ்போர்டில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். சில நாளில் தானாக அணையும், பிறகு ஒருநாள் மறுபடி எரியும். 'விளக்கில்தான் ஏதோ கோளாறு' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது எரிவதற்கும் அணைவதற்கும் பின்னால் கறாரான கணக்கு இருக்கிறது.

சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கக் கணினிக்குக் கண் இல்லை. பல கார்களில் எஞ்சினின் அச்சோடு சேர்ந்து ஒரு பற்சக்கரம் சுற்றுகிறது. 60 பல்லுக்கான இடைவெளியில் 58 பல்தான் இருக்கும். விட்டுப்போன இரண்டும், சுற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கான அடையாளம். 2,000 சுற்று வேகத்தில் ஒரு பல் கடக்க ஆகும் நேரம், விநாடியில் 2,000-இல் ஒரு பங்கு. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போனால் அந்த உந்துதல் கிடைக்காது, அடுத்த சில பற்கள் துளி தாமதமாக வரும். இந்த எரிதவறலை மெக்கானிக்குகள் மிஸ்ஃபயர் என்பார்கள். தாமதித்த பற்களின் இடத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் என்றும் கணினி சொல்லிவிடுகிறது.

கண்டுபிடித்ததும் அது ஊரைக் கூட்டுவதில்லை. வண்டியைக் கிளப்பி, ஓட்டி, நிறுத்துவது ஓர் ஓட்டச் சுற்று. பெரும்பாலான கோளாறுகளுக்கு, முதல் சுற்றில் கண்டதைக் கணினி குறித்து மட்டும் வைக்கும். அடுத்த சுற்றிலும் அதே கோளாறு தென்பட்டால்தான் விளக்கைப் போடும். அடுத்தடுத்து மூன்று சுற்றுகள் ஒழுங்காக ஓடினால் அணைத்துவிடும். ஒன்றில் மட்டும் அது பொறுமை காட்டாது. எரியாத பெட்ரோல் ஏராளமாகப் புகைக்குழாய்க்குள் போனால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அங்குள்ள பீங்கானையே உருக்கிவிடும். அப்போது விளக்கு சிமிட்டும். சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும்.

அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு 1996 முதலும், இந்தியாவில் 2013 முதலும் இத்தகைய கண்காணிப்பு கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனையுள்ள சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகினால் 'பி 0303' என்பது போல ஒரு குறியீடு வரும். பி என்றால் எஞ்சின், கியர் சார்ந்தது. 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது. அடுத்த 3, பற்றவைப்பு அல்லது எரிதவறல் சார்ந்தது. கடைசி 03, மூன்றாவது சிலிண்டர்.

இந்த அமைப்பில் என்னை மிகவும் வியக்க வைப்பது இன்னொன்று. கோளாறு பதிவாகும் நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று, எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம் என்பதையெல்லாம் கணினி அப்படியே உறையவைத்துச் சேமிக்கிறது. இதன் பெயர் ஃப்ரீஸ் ஃப்ரேம், உறைகணப் பதிவு என்று சொல்லலாம். வந்து வந்து போகிற கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் பல பட்டறைகளில் ஸ்கேனரைச் செருகியதும் முதல் வேலையாகக் குறியீட்டை அழிக்கிறார்கள். குறியீட்டோடு இந்தப் பதிவும் போய்விடும். அழிக்கும் முன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வண்டிக்காரர்தான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே எரிதவறல் வந்தது என்று பதிவு காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். காலையில் ஆறிக் கிடக்கும் வண்டியைச் சோதித்தால் ஒன்றும் அகப்படாது. 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது இக்னிஷன் காயில். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் அதன் செம்புக் கம்பியின் மின்தடை கால் பங்குக்கு மேல் கூடும். காப்புப் பூச்சில் விரிசல் இருந்தால் சூட்டில் அதுவும் வாய் திறக்கும். ஆகவே எஞ்சினைச் சூடாக்கிவிட்டுத்தான் தேட வேண்டும். நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் புதுக் காயில் வாங்கச் சொல்ல மாட்டார். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுவார், இரண்டாவதை மூன்றாவதில். குறியீடு 'பி 0302' என மாறி வந்தால் குற்றவாளி காயில்தான். மாறாமல் 'பி 0303' என்றே வந்தால் பிளக், இன்ஜெக்டர், ஒயரிங் என்று தேடல் நகரும். செலவே இல்லாத சோதனை இது.

ஒயரிங்கில் ஒளிந்திருக்கும் கோளாறு இன்னும் நுட்பமானது. கனெக்டர் முனைகளில் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சு இருக்கும். ஓட்டத்தின் அதிர்விலும், சூடாகி ஆறுவதிலும் முனைகள் சில மைக்ரான் அளவுக்கு உராய்கின்றன. நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது அந்த அசைவு. ஒவ்வொரு உராய்விலும் புது உலோகம் வெளிப்பட்டுக் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகிறது. அந்தத் தூள் சேரச் சேர மின்சாரத்தைத் தடுக்கும். ஹெட்லைட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டம் அதை ஊடுருவிப் போய்விடலாம். சென்சாரின் மெல்லிய சமிக்ஞை தடுமாறும். ஒரு வேகத்தடையில் குலுங்கினால் தொடர்பு விடும், அடுத்த குலுங்கலில் சேர்ந்துகொள்ளும். இதைப் பிடிக்க எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரில் அளவுகளைப் பார்த்தபடியே ஒயர்க் கட்டை இடம் இடமாக அசைத்துப் பார்ப்பார்கள். எண்கள் துள்ளும் இடத்தில் கை நின்றுவிடும்.

அந்த முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, பூச்சு போய்விடும். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கலாம். பிடிப்புத் தளர்ந்திருந்தால் முனையையே மாற்ற வேண்டும். பிறகு யாரும் அழிக்காவிட்டாலும் விளக்கு அணையும், குறியீடு மட்டும் நினைவகத்தில் இருக்கும். ஆறிய எஞ்சின் சூடேறி 40 முறை கோளாறின்றி ஓடிய பிறகு அதுவும் போய்விடும். தினமும் காலையில் திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்கு, அதற்கு 20 வேலைநாள் ஆகும்.