உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலக் கூச்சல்கள்!

'ஓ.எம்.ஜி!' இந்தக் காலத்துக் காலேஜ் பசங்களின் கண்டுபிடிப்பு என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! 1917 செப்டம்பரில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வந்த ஒரு கடிதத்திலேயே அது இருக்கிறது. எழுதியவர் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தலைவர் ஃபிஷர் பிரபு. அப்போது அவருக்கு வயது 76!

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது 2011-ல். 94 வருஷம் வெயிட்டிங் லிஸ்ட்!

ஷேக்ஸ்பியர் பாத்திரங்களுக்குக் கோபம் வந்தால் 'ஜவுண்ட்ஸ்!' என்று சீறும். 'கடவுளின் காயங்கள் மேல் சத்தியம்' என்பதன் சுருக்கம். 1606-ல் வந்தது சட்டம். மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாக இழுத்தால் அபராதம் 10 பவுண்டு! 1622-ல் அச்சான 'ஒத்தெல்லோ'வில் இந்தச் சொல் இருக்கிறது. 1623 பதிப்பில் தேடிப் பாருங்கள். மாயம்!

'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் பார்ப்பவரா? அப்படியானால் ஹோமரின் 'டோ!' காதில் விழாமல் இருக்காது. வேடிக்கை என்ன தெரியுமா? ஸ்கிரிப்டில் அந்தச் சொல்லே இருக்காது! 'எரிச்சலோடு ஓர் உறுமல்' என்றுதான் எழுதியிருக்கும். குரல் கொடுக்கும் டான் காஸ்டலனெட்டா அதைச் சுட்டது லாரல்-ஹார்டி படங்களில் வரும் மீசைக்காரர் ஜேம்ஸ் ஃபின்லேசனிடமிருந்து. அவர் 'டோ...ஓ...ஓ' என்று இழுப்பார். கார்ட்டூனுக்கு அந்த நீளம் தாங்காது, நறுக்கு என்றார் படைப்பாளி மேட் க்ரோனிங். நறுக்கிய துண்டு 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போய்விட்டது!

அகராதிக்காரர்கள் சும்மா விடுவார்களா? தோண்டினார்கள். அதே 'டோ' கிடைத்தது 1945-ம் வருஷத்து பி.பி.சி. வானொலி நிகழ்ச்சியில்! ஹோமர் பிறக்க அப்போது இன்னும் 40 வருஷத்துக்கு மேல் பாக்கி!

சில சிம்ப்சன்ஸ் எபிசோடுகளின் தலைப்பில் 'டோ' வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு 'எரிச்சல் உறுமல்' என்றே அச்சடித்திருக்கிறார்கள். என்ன கொழுப்பு!

போனை எடுத்ததும் 'அஹாய்!' என்று கூவச் சொன்னார் கிரஹாம் பெல். கப்பல்காரர்களின் கூவல் அது. எடிசன் 'ஹலோ' என்றார். யார் ஜெயித்தார் என்று உங்கள் போனுக்கே தெரியும்! பெல் பாவம்தான். ஆனால் செக் நாட்டில் நண்பர்கள் பார்த்துக்கொண்டால் இன்றைக்கும் 'அஹோய்!'தான். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது!

யாஹூ கம்பெனியின் பெயரில் வால் மாதிரி ஓர் ஆச்சரியக்குறி தொங்குமே, ஏன்? வெறும் 'யாஹூ'வை ஏற்கெனவே ஒரு பார்பெக்யூ சாஸ்காரர் பதிவு செய்து வைத்திருந்தார்! ஒரே ஒரு குறியை ஒட்டினார்கள். வேலை முடிந்தது!

இங்கிலாந்துத் தோட்டங்களில் 'ஹா-ஹா' என்று ஒரு சுவர் உண்டு. பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். மாளிகையிலிருந்து பார்த்தால் தெரியாது. கிட்டே போனால்தான் 'ஹா!' ஆடுகள் உள்ளே வராமலிருக்க இத்தனை ஏற்பாடு!

தேம்ஸ் படகோட்டிகள் மேற்கே போக ஆள் சேர்க்க 'வெஸ்ட்வர்ட் ஹோ!' என்று கத்துவார்கள். 1855-ல் சார்லஸ் கிங்ஸ்லி அதை நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். நாவல் பிய்த்துக்கொண்டு ஓடியது. டெவனில் ஒரு கடற்கரை ஊரையே கட்டி அதே பெயரை வைத்துவிட்டார்கள், ஆச்சரியக்குறியோடு!

கனடாவின் கியூபெக்கில் இதற்கும் மேலே ஓர் ஊர். பெயர் சான்-லூயி-டு-ஹா! ஹா! ஊர்ப் பெயரில் அதிக ஆச்சரியக்குறி வைத்ததற்கு கின்னஸ் சாதனை. மொத்தம் 2!