மாமாவின் பஜேரோ விற்பனைக்கல்ல

ஒரு வாகனத்தை எத்தனை வருடம் வைத்திருக்கலாம்? ஐந்து வருடம் என்பார் வாகன வியாபாரி. லீசிங் கட்டி முடித்த களைப்பில் இருப்பவர் பத்து வருடம் என்பார். எனது மாமாவைக் கேட்டால், "ஓடுற வரைக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். (மாமா என்றால் என் மனைவியின் வாப்பா.) அவரிடம் இருப்பது மிட்சுபிஷி பஜேரோ. எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானில் செய்யப்பட்டது. ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத்தகடு இன்னும் அதன் நெற்றியில் இருக்கிறது. 1993 இல் இரண்டாவது கையாக வாங்கினார். அன்று அவருக்குக் கறுவா, மிளகு, கராம்பு வியாபாரம். மாவனல்லையைச் சுற்றியுள்ள மலைத் தோட்டங்களுக்கு ஏறி இறங்க ஒரு ஜீப் தேவைப்பட்டது. இன்று வியாபாரம் இல்லை. ஜீப் மட்டும் இருக்கிறது.

மாமாவைப் போன்றவர்கள் நமது நாட்டில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். சிலரிடம் லாண்ட் ரோவர், சிலரிடம் லாண்ட் குரூஸர், சிலரிடம் பழைய நிசான் பெட்ரோல். பார்ப்பவர்கள் இதைப் பைத்தியம் என்கிறார்கள். இது பைத்தியமா அல்லது கணக்குத் தெரிந்த காரியமா என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு காட்டுப் பூனையின் கதை

பஜேரோ என்பது தென்னமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒரு காட்டுப் பூனையின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. குடும்பச் சஞ்சிகையில் அதை எழுத முடியாது. ஆகவே அங்கே இதற்கு மொண்டேரோ என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் வந்த மொடல்களுக்கு அந்தப் பெயரே நமது நாட்டிலும் வழங்கியது. 1973 ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் மாதிரி வாகனமாக முதலில் காட்டப்பட்டு, 1982 இல் விற்பனைக்கு வந்தது. 1991 இல் இரண்டாம் தலைமுறை வந்தது. 2021 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆக, மாமாவின் வாகனம் அதைப் பெற்ற வம்சத்தையே கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இதன் புகழுக்கு முக்கிய காரணம் சஹாரா பாலைவனத்தைக் கடந்து ஓடிய டாக்கார் போட்டி. 1985 இல் முதன்முதலாக வென்ற பஜேரோ, மொத்தம் 12 தடவைகள் வென்றது. அவற்றுள் 2001 முதல் 2007 வரை தொடர்ச்சியாக 7 வெற்றிகள். அதே போட்டி 2020 முதல் சவூதி அரேபியாவின் பாலைவனத்தில் நடைபெற்று வருகிறது. நமது நாட்டிலோ பஜேரோவுக்கு வேறு விதமான புகழ். தொண்ணூறுகளில் அரசியல்வாதிகளின் வாகனம் என்றாலே பஜேரோதான். "பஜேரோவில் வந்தவர்" என்று சொன்னால் வந்தவர் யார், எதற்காக வந்தார் என்று விளக்கத் தேவையிருக்கவில்லை. மாமா அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளிவாசல் வாசலில் இறங்கும்போதெல்லாம், யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று நிர்வாகிகள் ஓடி வருவார்களாம். கராம்பு மூடைகளைக் கண்டதும் திரும்பிப் போய்விடுவார்களாம்!

எஞ்சினின் குணம்

பழைய வாகனத்தை நீண்ட காலம் வைத்திருக்க விரும்புபவர் முதலில் அதன் குணத்தை அறிய வேண்டும். மாமாவின் ஜீப்பில் இருப்பது 4டீ56 என்ற 2477 கனசென்ரிமீற்றர் டீசல் எஞ்சின். இது ஒரு பெரிய வசதி. ஏனெனில் நமது வீதிகளில் நிறைந்திருக்கும் டெலிக்கா வேன்கள் பலவற்றிலும் இதே எஞ்சின்தான். ஆகவே உதிரிப்பாகம் இல்லை என்று எவரும் கைவிரிப்பதில்லை. மருதானைக்கு அண்மையிலுள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய் வேன் எஞ்சின் என்று சொன்னால் போதும். கதவுப் பிடி, முன்விளக்குக் கண்ணாடி, உட்புறத் தட்டுகள் போன்றவைதாம் கிடைப்பது கஷ்டம். எஞ்சினை விடக் கதவுப் பிடிக்கு அதிகம் அலைய வேண்டியிருக்கிறது என்பதே பழைய வாகனக்காரர்களின் பொதுவான அனுபவம்.

இந்த எஞ்சினுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று டைமிங் பெல்ட். இது பற்கள் கொண்ட றப்பர் பட்டி. எஞ்சினின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒரே தாளத்தில் சுழல வைப்பது. வெளியில் தெரியாது, அறுந்து போவதற்கு முன் சத்தமும் காட்டாது. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி, ரொக்கர் கைகள் உடையும். பலருக்கும் தெரியாத விடயம், இதற்குப் பின்னால் இன்னுமொரு சிறிய பெல்ட் இருக்கிறது என்பது. எஞ்சினின் நடுக்கத்தைக் குறைக்கும் தண்டுகளைச் சுழற்றுவது அதன் வேலை. "அது அறுந்தால் கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான்" என்று சிலர் அதை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். ஆனால் அறுந்த சிறிய பெல்ட் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் கொண்டுபோய்விடும். ஒரு இலட்சம் கிலோமீற்றரை எட்டுமுன் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவதுதான் புத்தி. மாமா ஒவ்வொரு தடவையும் மாற்றிய திகதியையும் மைலேஜையும் கடதாசியில் எழுதி, எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். கடைசியாக வாங்கிய நாளைக்கூட நினைவில்லாத வாகனத்துக்கு வாக்குறுதியை நம்பிப் பெல்ட் ஓட்டுவதை விட, வாங்கிய வாரமே மாற்றிவிடுவது மலிவு.

அடுத்தது சூடு. எஞ்சினின் ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது. தண்ணீர் குறைந்து சூடேறினால் வால்வுகளுக்கிடையில் வெடிப்பு விழும். மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறியவர்களுக்கு இந்தப் பாடத்தை விளக்கத் தேவையில்லை. அந்த ஏற்றத்தில், வெயில் நேரத்தில், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, முன்னால் ஒரு லொறி ஊர்ந்து போகும்போது சூட்டுமானியின் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் ஒரு பழைய டீசல் ஜீப்பின் உண்மையான மருத்துவப் பரிசோதனை. முள் நடுவில் நின்றால் நல்லது. மெல்ல ஏறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், விசிறியின் பிடி தளர்ந்திருக்கலாம், தேர்மோஸ்டட் பழுதாகியிருக்கலாம். சிலர் தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுகமாகிவிட்டது என்பார்கள். அது காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போன்றது. வெறும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல், துருவைத் தடுக்கும் கூலண்ட் ஊற்றுவதும் இங்கே அவசியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாற்சக்கர இயக்கத்தை மாதம் ஒரு தடவையாவது மண் பாதையில் போட்டு ஓட்ட வேண்டும். போடாமலே விட்டால் தேவையான நாளில் இறுகி நிற்கும். முதல் தலைமுறைப் பஜேரோவில் அதைக் காய்ந்த தார் வீதியில் போட்டு ஓட்டக்கூடாது. முன், பின் அச்சுகள் வளைவில் வேறு வேறு வேகத்தில் சுழல முடியாமல் கியர்ப்பெட்டி முறுகும். துருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காத்தான்குடி, கற்பிட்டி போன்ற கடலோர ஊர்களில் உள்ளவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் சக்கர வளைவுகளையும் அடிச்சட்டத்தின் பின்பகுதியையும் பார்க்கட்டும். எஞ்சினை மாற்றலாம். அடிச்சட்டம் உக்கினால் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

உழைத்த நாட்கள்

2016 மே 17 ஆம் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்தது பலருக்கும் நினைவிருக்கும். மாவனல்லையிலும் அப்போது வெள்ளம். அடுத்து வந்த நாட்களில் எங்கள் ஊர் இளைஞர்கள் சமைத்த உணவுப் பொதிகளைக் கொண்டு செல்ல வாகனம் தேடினார்கள். புதிய கார்கள் சேற்றைக் கண்டு நின்றுவிட்டன. மாமாவின் ஜீப் குறைந்த கியரில் மெல்ல மெல்ல ஏறியது. அன்று அறுபதை எட்டிக்கொண்டிருந்த அவர் சாரதி ஆசனத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

2022 இன் எரிபொருள் நெருக்கடியோ வேறு வகையான சோதனை. ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது கார், வேன் வகைக்கு வாரத்துக்கு 20 லீற்றர். இந்த ஜீப் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் என்று வைத்தால் வாரம் 180 கிலோமீற்றர். அப்போது மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது. ஆகவே அதை டீசலில் கலந்து ஓட்டச் சொல்லி அறிவுரை கூறியவர்கள் ஏராளம். மாமா மறுத்துவிட்டார். ஏழைகளின் அடுப்புக்காக விலை குறைத்துக் கொடுக்கப்பட்டதை வாகனத்துக்கு ஊற்றுவது சரியில்லை என்பது ஒரு காரணம். மற்றது, இவ்வகை எஞ்சினில் எரிபொருளை அழுத்திக் கொடுக்கும் பம்பியின் உட்பாகங்களுக்கு டீசலே எண்ணெயாகவும் வேலை செய்கிறது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. மிச்சம் பிடித்த பணம் பம்பி வைத்தியத்துக்குப் போய்விடும். மாமா ஜீப்பை மூன்று மாதம் பெரும்பாலும் கொட்டிலிலேயே நிறுத்தி, வாரம் ஒரு தடவை மாத்திரம் ஸ்டார்ட் பண்ணி வைத்தார்.

விலை பேச வந்தவர்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களுக்கெல்லாம் புதிய மவுசு வந்தது. மாமாவின் வீட்டு வாசலுக்கே வந்து விலை பேசினார்கள். டோஹாவிலிருக்கும் மைத்துனர் தொலைபேசியில், "வாப்பா, இதுதான் நேரம். இத வித்துப்போட்டு ஒரு சின்ன ஹைபிரிட் எடுப்போம்" என்றார். மாமா என்னைப் பார்த்து, "மகன், வித்தா சல்லி வரும். வந்த சல்லிக்கு இதவிட நல்லது ஒண்டு வருமா?" என்றார். அவரது கணக்கில் பிழையில்லை. விற்ற விலையுடன் இன்னும் பல இலட்சங்களைச் சேர்த்தால்தான் அன்று ஒரு சிறிய கார் கிடைத்திருக்கும். அதுவும் கடனுக்கு வாங்கினால் வட்டி.

அந்த நாட்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி ஒன்று: வாகனத்தின் விலை இவ்வளவு ஏறிவிட்டதே, அதற்கு ஸகாத் உண்டா? சொந்தப் பாவனைக்கான வாகனத்துக்கு, அதன் பெறுமதி எவ்வளவு உயர்ந்தாலும், ஸகாத் இல்லை. விலை ஏறினால் விற்கலாம் என்று பின்னர் மனதில் நினைப்பதால் மாத்திரம் அது வியாபாரப் பொருளாகிவிடுவதில்லை என்பதே ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஆனால் விற்று இலாபம் பெறும் நோக்கத்துடனேயே வாங்கி நிறுத்தி வைத்தவரின் நிலை வேறு. அவருக்கு அது வியாபாரச் சரக்கு. நிபந்தனைகள் பூர்த்தியானால் ஸகாத் கொடுக்க வேண்டும். விற்பவர் தெரிந்த குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதும் மார்க்கக் கடமை. மைலேஜைத் திருப்பி வைப்பதைச் சாமர்த்தியம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கட்டும். வாங்குபவர்களும் அடிச்சட்ட இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது. இரண்டு வாகனத்தை வெட்டி ஒன்றாக ஒட்டிய ஜீப்புகள் சந்தையில் உண்டு.

ஒரு வாகனத்தின் மீது இவ்வளவு பற்று வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் ஒட்டகத்துக்குக் கஸ்வா என்றும் கோவேறு கழுதைக்குத் துல்துல் என்றும் பெயர்கள் இருந்தன. தம்மைச் சுமந்து செல்வதைப் பெயர் சொல்லிப் பேணுவது நல்லோரின் வழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது. மாமா தன் ஜீப்புக்குப் பெயர் வைக்கவில்லை. "அவன்" என்பார், அவ்வளவுதான்.

பேரப்பிள்ளைகளும் பின்னாசனமும்

ஆனால் பற்று ஒரு பக்கம் இருக்க, மறுக்க முடியாத ஓர் உண்மை இருக்கிறது. இந்த வாகனத்தில் காற்றுப்பை இல்லை. வழுக்கும் வீதியில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் நவீன பிரேக் முறையும் இல்லை. பின்னால் பக்கவாட்டாகப் பொருத்திய ஆசனத்தில் பட்டி கிடையாது. உயரமான உடல், வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் ஆபத்து காரை விட அதிகம். தன்னந்தனியே மிளகு மூடையுடன் போன காலத்தில் இது மாமாவின் சொந்த விடயம். இப்போது அதில் ஏறுபவை பேரப்பிள்ளைகள். பிள்ளைகள் அமானத் அல்லவா? என் மனைவி இதைப் பற்றி வாப்பாவிடம் நேரடியாகவே பேசினார். இரண்டு நாள் மாமா முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார்.

அங்கே நடந்தவை: பக்கவாட்டு ஆசனம் கழற்றப்பட்டது. நடு ஆசனத்துக்கு மூன்று பட்டிகள், உடற்சட்டத்தில் இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்திப் பொருத்தப்பட்டன. பிரேக் குழாய்களின் றப்பர் பகுதிகள் நான்கும் மாற்றப்பட்டன. தடம் தேயாதிருந்தும் வயதாகி வெடித்திருந்த டயர்கள் வீசப்பட்டன. டயருக்கு வயது உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டு வருடம். வீட்டில் ஒரு நிபந்தனையும் போடப்பட்டது: அதிவேகப் பாதைக்கு ஜீப் போவதில்லை, மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் போவதில்லை, இரவு மழையில் மாமா ஓட்டுவதில்லை. கடைசி நிபந்தனைக்கு அவர் இன்னும் முழுமையாகச் சம்மதிக்கவில்லை.

இவ்வளவுக்கும் ஆன செலவு ஒரு புதிய காரின் சில மாதத் தவணைக்குள் அடங்கிவிட்டது. புகைப் பரிசோதனையில் இம்முறையும் சித்தி. வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் புதுப்பித்தாகிவிட்டது. வலப்பக்கப் பின்சக்கர வளைவில் துரு மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அந்தத் துண்டை வெட்டி, புதுத் தகடு ஒட்ட வேண்டும் என்று கராஜ் பாஸ் திகதி கொடுத்திருக்கிறார்.