இலக்கிய முகவர்

இலக்கிய முகவர் என்பவர் எழுத்தாளரின் சார்பில் அவரது படைப்பைப் பதிப்பகங்களிடம் கொண்டுசென்று, ஒப்பந்தம் பேசி, உரிமைத்தொகையைப் பெற்றுத் தருபவர் ஆவார். இத்தொழில் ஆங்கில நூலுலகில் பரவலாக உள்ளது. தமிழில் இம்முறை வேரூன்றவில்லை. எனினும் சிறுவர் இலக்கியம், அறிபுனை, கனவுருப்புனைவு ஆகியவற்றில் முகவர்கள் எதிர்பார்க்கும் கூறுகள், பதிப்பகத்தை நேரடியாக அணுகும் எழுத்தாளருக்கும் பயன்படுவன.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் இயங்கிய ஏ. பி. வாட் என்பவர் முதல் இலக்கிய முகவராகக் கருதப்படுகிறார். அவர் எழுத்தாளரின் வருவாயில் 10 விழுக்காட்டைக் கழிவாகப் பெற்றார். இன்று உள்நாட்டு உரிமைக்கு 15, அயல்நாட்டு உரிமைக்கு 20 விழுக்காடு என்பது பரவலான வழக்கம். நூல் விற்ற பின்னரே முகவருக்கு வருவாய் உண்டு. படித்துப் பார்ப்பதற்கென்றே முன்பணம் கேட்பது இத்தொழிலின் நெறிக்கு மாறானது. பல பதிப்பகங்கள் மறுத்த பின்னர் 1997இல் வெளிவந்த ஆரி பாட்டர் வரிசையின் முதல் நூல், கிறித்தோபர் லிட்டில் என்னும் முகவர் வழியாகப் பதிப்பகத்தை அடைந்ததாகும்.

சிறுவர் நூல்களில் எதிர்பார்ப்பு

முகவர் முதலில் நோக்குவது வாசகரின் அகவை ஆகும். படக்கதை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள் கொண்டவை. அவற்றின் உரை சில நூறு சொற்களுக்குள் அடங்கும். ஓவியரைப் பொதுவாகப் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். 8 முதல் 12 அகவையினருக்கான புதினத்தில் சிக்கலைத் தீர்ப்பவர் சிறுவராகவே இருத்தல் வேண்டும். பெரியவர் வந்து தீர்த்துவைக்கும் கதையும், இறுதியில் நீதி உரைக்கும் கதையும் பெரும்பாலும் மறுக்கப்படுகின்றன.

ஊகப்புனைவில் எதிர்பார்ப்பு

கற்பனை உலகிற்கும் விதிகள் தேவை. மந்திரமோ இயந்திரமோ எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதற்கு என்ன விலை என்பன தொடக்கம் முதல் இறுதி வரை மாறாதிருக்க வேண்டும். உலகைப் பற்றிய விளக்கம் கதையை மறைக்கக் கூடாது. தொடர் வரிசையாகத் திட்டமிட்டாலும் முதல் நூல் தனித்து நிற்க வேண்டும். முழுமையாக எழுதி முடித்த புதினம், முடிவையும் சொல்லும் கதைச்சுருக்கம், முதல் சில அத்தியாயங்கள், ஒரு பக்க அறிமுக மடல் ஆகியவை கேட்கப்படும்.

பெரம்பலூர், அரியலூர் பகுதி

இவ்விரு மாவட்டங்களும் ஊகப்புனைவுக்கு ஏற்ற களங்கள் ஆகும். கிரீத்தேசியக் காலத்தில் இப்பகுதியின் பெரும்பாகம் கடலுக்கடியில் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரை அருகே அம்மோனைட்டு முதலிய கடலுயிரிகளின் தொல்லெச்சங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

களம் மட்டும் போதாது. காரை ஓடைகளில் நடக்கும் சிறுமி பழங்கடலில் விழுவதாகக் கதை அமைந்தால், அங்கு மாந்தர் எவரும் இருக்க இயலாது. அம்மோனைட்டுகள் அழிந்து 6 கோடி ஆண்டுகளுக்குப் பின்னரே மாந்தர் தோன்றினர். அவள் அங்கு எவ்வாறு சென்றாள், எவ்வாறு மீள்வாள் என்பதற்கான விதியை முகவர் முதலில் வினவுவார்.

தமிழ்ச் சூழல்

அம்புலிமாமா, கோகுலம் முதலிய இதழ்களின் ஆசிரியர்களே நெடுங்காலம் தேர்வாளர்களாக விளங்கினர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் நிறுவப்பட்டது. சுசாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. சாகித்திய அகாதமி 2010 முதல் பால சாகித்திய விருது வழங்குகிறது. 2014இல் ஆயிசா இரா. நடராசனும், 2023இல் 'ஆதனின் பொம்மை' நூலுக்காக உதயசங்கரும் இதனைப் பெற்றனர்.

உரிமைப் பாதுகாப்பு

முகவர் இல்லாத நிலையில் ஒப்பந்தத்தை எழுத்தாளரே ஆராய வேண்டியுள்ளது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி உரிமை மாற்றம் எழுத்து வடிவில் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிடின் அது 5 ஆண்டுகளுக்கும், இடம் குறிப்பிடப்படாவிடின் இந்தியாவிற்கும் மட்டுமே செல்லும். வேறு உடன்பாடு இல்லையெனில், பெற்ற உரிமையைப் பதிப்பகம் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அவ்வுரிமை காலாவதியாகும். எழுத்தாளரின் மறைவுக்குப் பின்னர் பதிப்புரிமை 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் உரிமைகளைத் தனித்தனியே குறிப்பிடாமல் 'அனைத்து உரிமைகளும்' என்று எழுதிக் கொடுப்பது எழுத்தாளரின் குடும்பத்தையும் பாதிக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

அறிபுனை
சிறுவர் இலக்கியம்
பதிப்புரிமை