மின்துடிப்பு யந்திரங்களில் சக்தியின் பயணம்

கீழப்பழுவூர்ப் பக்கத்து ஏரிப்பாசனக் குடியானவர், மழைக்காலத்தில் சேர்ந்த நீரை மதகின் வழியே அளந்து திறந்து, கதிர் முற்றும்வரை பங்கிட்டுக்கொள்கிறார்; அதற்கு நேர்மாறாக, மெல்லச் சேர்த்த சக்தி முழுவதையும் இமைப்பொழுதினும் மிகச் சிறிய காலத்தில் கொட்டித் தீர்ப்பதற்கென்றே நிர்மாணிக்கப்பட்ட மின்யந்திரங்களும் உண்டு. அவற்றுள் நம் நாட்டில் பிரசித்தி பெற்றவை, மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'காளி' வரிசை எலெக்ட்ரான் முடுக்கிகள்.

காளி-5000 என்னும் யந்திரம் சுமார் 10 லட்சம் வோல்ட் அழுத்தத்தில் 40,000 ஆம்பியர் எலெக்ட்ரான் பிரவாகத்தை, விநாடியைக் கோடிக் கூறிட்டால் அதில் ஒரு கூறுக்கு மேற்படாத காலம் செலுத்த வல்லது. அந்தக் க்ஷணத்தில் அதன் திறன் 4,000 கோடி வாட். அதாவது, தமிழ்நாடு முழுவதன் உச்ச மின்தேவையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆயினும் வெளிப்படும் மொத்தச் சக்தியோ 4,000 ஜூல். 60 வாட் பல்பு ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக எரியவே அது போதும். ஆகவே இங்கே விசேஷம் சக்தியின் அளவிலன்று, அதைக் காலத்தில் சுருக்கும் வித்தையில் இருக்கிறது.

அச்சுருக்கம் படிப்படியாக நிகழ்கிறது. 1920-களில் ஜெர்மானியப் பொறியியலாளர் எர்வின் மார்க்ஸ் வகுத்த முறைப்படி, பக்க இணைப்பில் மின்னேற்றப்பட்ட மின்தேக்கிகள் தீப்பொறி இடைவெளிகளின் மூலம் ஒரே கணத்தில் தொடராக இணைய, அவற்றின் அழுத்தங்கள் ஒன்றோடொன்று கூடிப் பன்மடங்காகின்றன. பின்னர், ஒன்றினுள் ஒன்றாக அமைந்த உலோக உருளைகளுக்குள் மின்னலை ஒருமுறை போய் மீளும் காலமே துடிப்பின் நீளமாகிறது. காற்றில் இதற்கு 15 மீட்டர் நீளம் வேண்டும். ஆனால் தூய நீரில் மின்னலையின் வேகம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைவதால், இரண்டு மீட்டருக்கும் குறைந்த நீளமே போதுமானது.

ஒவ்வொரு படியிலும் சிறிது சக்தி விரயமாகாமல் இராது. தீப்பொறியில் வெப்பமும் ஒளியுமாக ஒரு பகுதி கழிகிறது. நீரின் வழியே மெல்லக் கசிவதால் அங்கு மின்னேற்றத்தை மைக்ரோ விநாடிகளில் முடித்தாக வேண்டும். யாவற்றினும் நுட்பமானது, இரு பகுதிகள் சந்திக்கும் இடம். அவற்றின் மின்மறுப்பு சமமாயின் அலை முழுவதும் கடந்து செல்லும். ஒன்று மற்றதைவிட மும்மடங்காயின், வந்த சக்தியில் கால் பங்கு எதிரொலித்துத் திரும்பிவிடும்.

ஐந்து கட்டங்கள் ஒவ்வொன்றும் பத்தில் ஒன்பது பங்கைக் கடத்தினாலும், இறுதியில் சேர்வது ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவே. ஆதலால் பெரிய மின்தேக்கிகளை வாங்கி அடுக்குவதினும், ஓர் இணைப்பைச் செம்மைப்படுத்துவதே உயர்ந்த பொறியியல் சாதனை என்பேன்.