உப்பளத்து வெயிலும் சிறுநீரகமும்

முத்துக்குளித் துறையாக இருந்த கொற்கையை விட்டுக் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. அந்தக் கரையில் இன்று பெரிய பிழைப்பு உப்பு. கழிப்பறை இல்லாத அளங்களில், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் பெண்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஏன்? வியர்த்து உடலில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். அதை ஈடுகட்ட அங்குள்ள சிறு ரத்தக்குழாய்கள் விரியும். உடல்வலிக்கு விழுங்கும் டைக்ளோஃபினாக் அந்த விரிவைத் தடுத்துவிடும். வடிகட்டல் சரியும், பெரும்பாலும் வலியே இருக்காது.

இந்தத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை எப்படி அறிவது? 50 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்தில் சிறுநீர் 150 மில்லிக்குக் கீழே போவது, அல்லது 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறுவது: சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச அமைப்பான கேடிகோ 2012இல் தந்த வரையறை இது. ஒருவரின் இன்றைய கிரியாட்டினின் அளவு 1.0, ஆய்வகத் தாளில் 'நார்மல்'தான். முந்தாநாள் அது 0.6 என்றால் பாதிப்பு தொடங்கிவிட்டது. ஒற்றைச் சீட்டை நம்பக் கூடாது.

நீர் வற்றியவருக்கு சலைன் ஏற்றி, வலி மாத்திரையை நிறுத்துவார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம் என்பதால் உடனே இசிஜி. அதில் மாற்றம் தெரிந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஊசி. நுரையீரலில் நீர் கோத்தவருக்கோ சலைனே ஆபத்து. இவை மருந்துக்கு அடங்காவிட்டால் டயாலிசிஸ். பலருக்கு அது சில வாரங்கள்தான். மூன்று மாதம் கழித்து கிரியாட்டினினை மறுபடி பார்ப்பார்கள்.