மகன் வாழ்ந்த இன்னொரு உலகம்!

மறைவுக்குப் பிறகு பெற்றோருக்குத் தெரிந்த உண்மை

நார்வே நாட்டின் தலைநகரம் ஆஸ்லோ. 2014-ம் ஆண்டு நவம்பர் மாதம். அங்கே ஒரு வீட்டில் தாயும் தந்தையும் துயரத்தில் மூழ்கி இருந்தார்கள். அவர்களுடைய 25 வயது மகன் இறந்து போய்விட்டான்.

மகன் போன துயரம் ஒரு பக்கம். அதோடு இன்னொரு துயரமும் அவர்கள் நெஞ்சை அறுத்தது.

மகன் ஒரு சுகமும் காணாமல் போய்விட்டானே! அவனுக்கு நண்பர்கள் இல்லை. காதல் இல்லை. அவனால் யாருக்கும் ஓர் உதவியும் செய்ய முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கழித்துவிட்டான். பெற்றோர் இப்படித்தான் நினைத்தார்கள்.

அவர்கள் நினைத்தது தவறு! சில நாட்களில் அது தெரிந்தது. அதைக் காட்டிக் கொடுத்தது, அவன் விளையாடிய அதே கம்ப்யூட்டர் விளையாட்டு!

கொடிய நோய்

அந்த மகனின் பெயர் மாட்ஸ் ஸ்டீன். தந்தை ராபர்ட். தாய் ட்ரூட். மியா என்று ஒரு தங்கையும் உண்டு.

மாட்ஸ் 1989-ம் ஆண்டு பிறந்தான். சின்ன வயதில் ஓடி ஆடும்போது அடிக்கடி கீழே விழுந்தான். அவனுக்கு 4 வயதானபோது டாக்டர்கள் உண்மையைச் சொன்னார்கள்.

அவனுக்கு வந்திருந்தது "டுஷேன்" என்ற தசைச் சிதைவு நோய். பிறவியிலேயே வரும் இந்த நோய், பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். தசைகளுக்குப் பலம் தரும் ஒரு புரதம் உடம்பில் உண்டாகாது. அதனால் கால், கை என்று ஒவ்வொன்றாகச் சோர்ந்து போகும். கடைசியில் மூச்சு விடும் தசையும், இதயமும் பாதிக்கப்படும். இதை அடியோடு குணப்படுத்த மருந்து கிடையாது.

மாட்ஸ் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அவன் என்ன செய்வான்?

தந்தை யோசித்தார். வீட்டில் இருந்த கம்ப்யூட்டரைத் திறக்கும் ரகசியச் சொல்லை மகனிடம் கொடுத்தார். அப்போது அவனுக்கு வயது 11.

இன்னொரு உலகத்தின் கதவையே திறந்து விடுகிறோம் என்பது அப்போது தந்தைக்குத் தெரியாது!

வேடம் போட்டு விளையாட்டு

"வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்" என்ற விளையாட்டு 2004-ம் ஆண்டு வெளிவந்தது. உலகத்தின் பல நாடுகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் இதை விளையாடலாம்.

திரையில் ஒரு பெரிய கற்பனை தேசம் தெரியும். அதில் காடு உண்டு, மலை உண்டு, கோட்டை உண்டு, கடைத்தெரு உண்டு. ஒவ்வொருவரும் தங்களுக்கு என்று ஓர் உருவத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த உருவம் நடக்கும், ஓடும், சண்டை போடும். விளையாடுகிறவர் தட்டுகிற எழுத்துகளே அதன் பேச்சு.

சிலர் சண்டைக்காக மட்டும் விளையாடுவார்கள். வேறு சிலர் அதை ஒரு நாடகமாகவே நடத்துவார்கள். எழுதி வைத்த வசனம் கிடையாது. ஒருவர் பேசினால் மற்றவர் பதில் பேச வேண்டும். கதை அப்படியே வளர்ந்து கொண்டு போகும்.

மாட்ஸ் சேர்ந்தது அப்படிப்பட்ட ஒரு குழுவில்தான். "ஸ்டார்லைட்" என்பது குழுவின் பெயர். அதில் சுமார் 30 பேர் இருந்தார்கள்.

அங்கே அவன் பெயர் மாட்ஸ் அல்ல. "இபலின்"! கட்டுமஸ்தான உடம்பு. பிரபு வம்சம். துப்பறிவாளன். பெண்களைக் கவரும் பேச்சு!

இபலின் விளையாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் செய்வது என்ன தெரியுமா? ஓடுவான்! காடு, மேடு எல்லாம் ஓடி முடித்த பிறகுதான் மற்ற வேலை. நிஜ உலகில் மாட்ஸினால் அசைக்க முடிந்தது விரல்களை மட்டும்தான்.

கடைசிப் பத்து ஆண்டுகளில் அவன் அந்த விளையாட்டில் கழித்தது 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் மணி நேரம்.

பெற்றோரின் கவலை

மகன் ராப்பகலாக விளையாடுவதைப் பார்த்துப் பெற்றோர் கவலைப்பட்டார்கள். குறித்த நேரத்தில் அவன் படுத்துத் தூங்க வேண்டும் என்று சொல்வார்கள்.

மற்றவர்கள் வேலை முடிந்து வந்து, விளையாட்டில் கூடுவது இரவு நேரத்தில்தான். கதை சூடு பிடிக்கும் நேரத்தில் மாட்ஸ் எழுந்து போக வேண்டி இருந்தது. ஏன் போகிறான் என்று நண்பர்களுக்குத் தெரியாது. அங்கே நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்று பெற்றோருக்கும் தெரியாது!

தன் நோயைப் பற்றி அவன் பல ஆண்டுகள் குழுவில் மூச்சு விடவில்லை. சில சமயம் நண்பர்கள் மீது எரிந்து விழுந்தான். அவர்கள் மனதை நோகவும் வைத்தான். கடைசிக் காலத்தில்தான் நோயைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதத் தொடங்கினான். அதைப் படித்த பிறகே நண்பர்களுக்கு விவரம் புரிந்தது.

குவிந்த கடிதங்கள்

2014-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி மாட்ஸ் இறந்தான்.

மகன் எழுதி வந்த அதே இடத்தில் தந்தை ராபர்ட் மரணச் செய்தியை எழுதினார். தன் இ-மெயில் முகவரியையும் கொடுத்தார்.

ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் மளமளவென்று வந்து குவிந்தன! பல நாடுகளில் இருந்து, முன்பின் தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக எழுதி இருந்தார்கள். எல்லோரும் இபலினுக்காக அழுதார்கள்.

பெற்றோர் திகைத்துப் போனார்கள். தனிமையில் வாடியதாக நினைத்த மகனுக்கு இத்தனை நண்பர்களா?

நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண் எழுதி இருந்தாள். சிறுமியாக இருந்தபோது, படிப்பு கெடுகிறது என்று பெற்றோர் அவளுடைய கம்ப்யூட்டரைப் பறித்துவிட்டார்கள். நண்பர்களைப் பிரிந்து அவள் மனம் ஒடிந்து போனாள். மாட்ஸ் சும்மா இருக்கவில்லை. அவளுடைய பெற்றோருக்கே கடிதம் எழுதினான்! அந்த நட்பு அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எடுத்துச் சொன்னான்.

அணைத்துக்கொண்ட மகன்

டென்மார்க்கில் இருந்த ஒரு தாயின் கதை இன்னும் உருக்கமானது.

அவளுடைய மகனுக்கு "ஆட்டிசம்" என்ற குறைபாடு. அவன் அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். யாராவது தொட்டால் அவனுக்குப் பிடிக்காது. பெற்ற தாயாலும் அவனை அணைக்க முடியவில்லை.

அவள் தன் மனக்குறையை இபலினிடம் கொட்டினாள். அவன் யோசனை சொன்னான். மகனோடு சேர்ந்து நீங்களும் விளையாடுங்கள் என்பதே அது.

தாய் அப்படியே செய்தாள். அறைக் கதவுக்கு வெளியே நின்றவள், மகனின் கதைக்கு உள்ளே போனாள். இருவரும் அந்தக் கற்பனை தேசத்தில் சேர்ந்து நடந்தார்கள், பேசினார்கள். ஒரு நாள், விளையாட்டுக்குள்ளேயே மகன் தாயைக் கட்டி அணைத்தான்!

அது வெறும் பொம்மை உருவம்தான். ஆனால் அதை அணைக்க வைத்தது மகனின் சொந்த விரல் அல்லவா? அன்று முதல் தாயும் மகனும் நெருங்கி வந்தார்கள்.

யாருக்கும் உதவ முடியாமல் போனான் என்று பெற்றோர் வருந்திய அதே மாட்ஸ் செய்த உதவி இது!

இறுதிச் சடங்கு

இறுதிச் சடங்குக்கு வெளிநாடுகளில் இருந்து விளையாட்டு நண்பர்கள் வந்தார்கள். பணம் இல்லாதவர்களும் வரட்டும் என்று குழுவினர் நிதி திரட்டினார்கள். குழுவின் தலைவர் இரங்கல் உரை நிகழ்த்தினார்.

ஒவ்வோர் ஆண்டும் இபலினின் நினைவாக நண்பர்கள் அந்த விளையாட்டில் கூடுகிறார்கள். கூடி என்ன செய்கிறார்கள்? அவனைப் போலவே ஓடுகிறார்கள்!

குழுவினர் பேசிய பேச்சுகள் 42 ஆயிரம் பக்கம் அளவுக்குச் சேமிக்கப்பட்டு இருந்தன. அவற்றை வைத்து பெஞ்சமின் ரீ என்ற டைரக்டர் ஒரு செய்திப் படம் எடுத்தார். 2024-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த சன்டான்ஸ் படவிழாவில் அது 2 பரிசுகளை வென்றது.

தந்தை சொன்ன பாடம்

மகன் அத்தனை நேரம் வாழ்ந்த உலகத்தில் தாங்கள் இன்னும் அதிக அக்கறை காட்டி இருக்க வேண்டும் என்று ராபர்ட் பின்னர் வருந்திச் சொன்னார்.

பிள்ளைகள் தூக்கம் கெட்டு, படிப்பை விட்டு விளையாடுவது நல்லது அல்ல. அதற்கு ஓர் அளவு வேண்டும்தான். ஆனால் "போதும், மூடு!" என்று அதட்டுவதற்கு முன்பு, ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இது என்ன கதை? இதில் நீ யார்? உன்னோடு இருப்பவர்கள் யார்? இப்படிக் கேட்கலாம்.

அந்தக் கேள்விகளுக்கான பதிலை ராபர்ட்டும் ட்ரூட்டும் முன்பின் தெரியாதவர்களின் கடிதங்களில் படித்தார்கள். மகன் வாயால் கேட்கும் பாக்கியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.