ஊருக்கு ஒரு ஹாட் டாக்

நம்மில் பலருக்குத் தெரிந்த ஹாட் டாக், சினிமா தியேட்டர் இடைவேளையில் கிடைப்பதுதான். ஆறிப்போன பன், அதற்குள் வழவழவென்று ஒரு சாசேஜ், மேலே வளைந்து நெளிந்து ஓடும் தக்காளி சாஸ். அதைச் சாப்பிட்டுவிட்டு, “இதையா அமெரிக்காக்காரன் இப்படிக் கொண்டாடுறான்?” என்று கேட்டால் அதில் தப்பே இல்லை. அதற்குப் பதில் அந்த நாட்டின் பழைய கடைகளில்தான் இருக்கிறது. மகன், மகள் வீட்டுக்கு என்று அமெரிக்கா போகிறவர்கள் நயாகராவையும் சுதந்திர தேவி சிலையையும் தவறாமல் பார்க்கிறார்கள். நூறு வருஷத்துக் கடை ஒன்று பக்கத்துத் தெருவிலேயே இருப்பதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். அதனால் டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். எந்த ஊரில் எந்தக் கடை, அந்த ருசி எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சாசேஜைப் பார்த்துவிடுவோம். இறைச்சியையும் கொழுப்பையும் ஐஸ் சேர்த்து மைய அரைப்பார்கள். அரைக்கிற வேகத்தில் சூடேறினால் கொழுப்பு பிரிந்து நின்றுவிடும், அதற்காகத்தான் ஐஸ். அந்த விழுதை நீள உறைக்குள் அடைத்து, புகைபோட்டு, வேகவைத்துவிடுவார்கள். ஆக, கடைக்கு வரும்போதே அது வெந்த பண்டம்.

உறையில் இரண்டு வகை உண்டு. ஆட்டுக்குடலில் அடைத்தால் உறையோடு அப்படியே சாப்பிடலாம். பல் பட்டதும் நறுக்கென்று உடைந்து உள்ளே இருக்கும் சாறு வாயில் இறங்கும். செல்லுலோஸ் உறையில் அடைத்தால், வெந்தபின் அதை உரித்துப் போட்டுவிடுவார்கள். நம் தியேட்டரில் கிடைக்கும் வழவழப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

எனவே ஒரு கடையை எடைபோட மூன்று கேள்விகள் போதும். உறை எது? எப்படிச் சூடாக்குகிறார்கள்? மேலே என்ன போடுகிறார்கள்? முதல் இரண்டும் கடைக்காரரின் கைப்பக்குவம். மூன்றாவதற்கான பதிலில், அந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் யார் என்ற சரித்திரமே இருக்கிறது.

கதை நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் தொடங்குகிறது. ஜெர்மனியிலிருந்து வந்த சார்லஸ் ஃபெல்ட்மன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தள்ளுவண்டியில் சாசேஜை பன்னுக்குள் வைத்து விற்று, பிறகு பெரிய உணவகமே கட்டினார். அவரிடம் வேலை பார்த்தவர் போலந்திலிருந்து வந்த நேதன் ஹேண்ட்வெர்க்கர் என்ற யூத இளைஞர். 1916இல் அவரும் அவர் மனைவி ஐடாவும் தனிக்கடை போட்டார்கள். ஃபெல்ட்மன் கடையில் 10 சென்ட், இவர்களிடம் 5 சென்ட். இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் நல்ல இறைச்சியாக இருக்குமா என்று ஜனங்கள் சந்தேகப்பட, டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு போட்ட ஆட்களைக் கடைவாசலில் நின்று சாப்பிட வைத்தார் நேதன் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1920 வாக்கில் நகர ரயில் கடற்கரை வரை வந்துவிட்டது. அதற்கும் 5 சென்ட்தான் டிக்கெட். ஏழைத் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடல் பார்த்து, வயிறும் நிறைந்து திரும்பலாம் என்ற நிலை வந்தது. ‘நேதன்ஸ்’ இன்று பெரிய நிறுவனமாகிவிட்டது. ஆனாலும் சர்ஃப் அவென்யூவும் ஸ்டில்வெல் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் அந்த முதல் கடை அப்படியே இருக்கிறது. அங்கே போய்த்தான் சாப்பிட வேண்டும்.

அடுத்தது டெட்ராய்ட். கோனி ஐலண்ட் என்ற பெயர் அங்கேயும் கடைக்குக் கடை தொங்கும், குழம்பிவிடாதீர்கள். நியூயார்க் வழியாக வந்த கிரேக்கர்கள் அந்தப் புகழ்பெற்ற பெயரைக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். கார் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்த காலம் அது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்குச் சூடாக, மலிவாக, உடனே ஏதாவது வேண்டும். கஸ்ட் கெரோஸ் என்ற கிரேக்கர் 1917இல் ‘அமெரிக்கன் கோனி ஐலண்ட்’ கடையைத் தொடங்கினார். பிறகு அவர் சகோதரர் வில்லியம் பக்கத்துக் கதவிலேயே ‘லஃபாயெட் கோனி ஐலண்ட்’ கடையைப் போட்டார். இரண்டும் இன்றுவரை ஒட்டி ஒட்டித்தான் நிற்கின்றன. எந்தக் கடை உசத்தி என்ற வழக்கு அந்த ஊர் வீடுகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இரண்டிலும் ஆட்டுக்குடல் உறை போட்ட சாசேஜ், இரும்புக் கல்லில் புரட்டி எடுப்பது. ஆவியில் மெத்தென்று ஆன பன்னில் அதை வைத்து, மேலே ‘சில்லி’ ஊற்றுகிறார்கள். பொடியாக அரைத்த இறைச்சியை மசாலாவோடு நெடுநேரம் கொதிக்கவிட்ட குழம்பு அது, பீன்ஸ் போடுவதில்லை. அதன்மேல் மஞ்சள் கடுகு சாஸ் ஒரு கோடு, கடைசியாகப் பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம் ஒரு கைப்பிடி. கொழுப்பை வெங்காயத்தின் காரம் வெட்டும், குழம்பின் கனத்தைக் கடுகின் புளிப்பு சமன் செய்யும். லஃபாயெட்டில் பரிமாறுகிறவர் தட்டுகளை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அடுக்கிக்கொண்டு, நோட்டில் ஒன்றும் எழுதாமல், கூட்டத்துக்கு நடுவே வந்து மேஜையில் இறக்குவார். அந்தக் கை லாகவத்தைப் பார்ப்பதற்கே போகலாம்.

தெற்கே சின்சினாட்டியில் இதேபோன்ற இறைச்சிக் குழம்பில் பட்டை வாசம் சேர்ந்துகொண்டது. அங்கே மேலே செடார் சீஸைத் துருவிக் குன்றுபோலக் குவிப்பார்கள். 1949இல் நிக்கலஸ் லம்ப்ரினிடிஸ் தொடங்கிய ‘ஸ்கைலைன்’ அந்த ஊரின் அடையாளம்.

சிகாகோவில் விஷயமே வேறு. 1893 உலகக் கண்காட்சியில் ஆஸ்திரியா–ஹங்கேரியிலிருந்து வந்த இருவர் மாட்டிறைச்சி சாசேஜ் விற்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘வியன்னா பீஃப்’ நிறுவனம். ஊரின் பெரும்பாலான கடைகளுக்கு இன்றும் சாசேஜ் அங்கிருந்துதான் வருகிறது. 1929க்குப் பிறகு பொருளாதாரப் பெருவீழ்ச்சி. கையில் 5 சென்ட் வைத்திருப்பவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடாக அது இருக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் காய்கறியை ஏற்றினார்கள். கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகு சாஸ், பளீரென்ற பச்சை நிறத்தில் இனிப்பு ரெலிஷ் (பொடியாக நறுக்கிய ஊறுகாய்), நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டு, நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி ஊறுகாய், ஊறவைத்த குட்டி மிளகாய், கடைசியில் செலரி உப்பு. ஒரு வாயில் இனிப்பு, புளிப்பு, காரம், உப்பு நான்கும் வந்துவிடும்.

அங்கே தக்காளி சாஸ் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். வீம்பு என்று நினைக்க வேண்டாம். இனிப்புக்கு ரெலிஷ் இருக்கிறது, தக்காளியே துண்டாக இருக்கிறது, அதற்குமேல் சர்க்கரை சேர்ந்த சாஸ் ஊற்றினால் மற்ற எல்லா ருசியையும் மூடிவிடும்.

சிகாகோவில் இரண்டு கடைகளுக்குப் போகலாம். 1948இல் ஒரு தம்பதி தொடங்கிய ‘சூப்பர்டாக்’ கடையின் கூரைமேல் ஆணும் பெண்ணுமாக 12 அடி உயரத்தில் இரண்டு ஹாட் டாக் பொம்மைகள் நிற்கும். காரில் உட்கார்ந்தபடியே ஆர்டர் கொடுக்கலாம், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக ஏற்ற இடம். நகரத்தை ஒட்டிய ரிவர் குரோவில் இருக்கும் ‘ஜீன் அண்ட் ஜூட்ஸ்’ அதற்கு நேர்மாறு. நாற்காலி கிடையாது, தக்காளி சாஸ் கிடையாது, தக்காளித் துண்டும் கிடையாது. கடுகு சாஸ், வெங்காயம், ரெலிஷ், மிளகாய், அதன்மேல் அப்போதுதான் வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு வறுவல் ஒரு குவியல், எல்லாம் சேர்த்து ஒரே பேப்பரில் சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சூட்டில் வறுவல் லேசாகத் தளர்ந்து, கடுகு சாஸை உறிஞ்சிக்கொள்ளும். பெருவீழ்ச்சிக் காலத்துச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான கடை இல்லை.

நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நியூஜெர்சியில், கிளிஃப்டன் ஊரில் 1928 முதல் நடக்கிறது ‘ரட்ஸ் ஹட்’. அங்கே சாசேஜை எண்ணெயில் முக்கிப் பொரிப்பார்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும்போது உறை நீளவாக்கில் கிழிந்துவிடும். அதனால் அதற்கு ‘ரிப்பர்’ என்று பெயர். கிழிந்த ஓரங்கள் மொறுமொறு என்றும் உள்ளே மென்மையாகவும் இருக்கும். சும்மா முக்கி எடுத்தால் ‘இன் அண்ட் அவுட்டர்’, நன்றாகக் கறுத்தால் ‘வெல்லர்’, கருகவே விட்டால் ‘கிரிமேட்டர்’. முதல் தடவை போகிறவர்கள் ரிப்பரையே கேளுங்கள். கடுகும் முட்டைக்கோஸும் சேர்த்து அவர்களே செய்யும் மஞ்சள் ரெலிஷை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் ‘ஆல்னிவில் நியூயார்க் சிஸ்டம்’ இருக்கிறது. அதுவும் ஒரு கிரேக்கக் குடும்பத்துக் கடைதான். சின்ன சாசேஜ், இறைச்சிக் குழம்பு, கடுகு சாஸ், வெங்காயம், செலரி உப்பு. கூடவே அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ பானமான குளிர்ந்த காபிப் பால். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

வாஷிங்டனில் ‘பென்ஸ் சில்லி பவுல்’ கடைக்கு ருசிக்காக மட்டுமல்ல, மரியாதைக்காகவும் போக வேண்டும். டிரினிடாடில் பிறந்த பென் அலியும் அவர் மனைவி வர்ஜீனியாவும் 1958இல், கறுப்பின மக்களின் இசையும் வியாபாரமும் செழித்த யூ தெருவில், ஒரு பழைய சினிமாக் கொட்டகைக் கட்டடத்தில் தொடங்கியது அது. ‘ஹாஃப் ஸ்மோக்’ என்ற கொரகொரப்பாக அரைத்த, புகைபோட்ட சாசேஜ்தான் அங்கே விசேஷம். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நகரமே எரிந்தபோது, ஊரடங்கு நேரத்திலும் திறந்திருக்க அந்தக் கடைக்கு அனுமதி கிடைத்தது. போலீஸ்காரர்களும் போராட்டக்காரர்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். பிறகு மெட்ரோ ரயிலுக்காகத் தெருவையே தோண்டிப்போட்டபோதும் கடை மூடவில்லை.

கடைசியாக அரிசோனாவின் டூசான். மெக்சிகோவின் சொனோரா பக்கத்திலிருந்து வந்த முறை. சாசேஜைச் சுற்றிப் பன்றி இறைச்சிப் பட்டையைச் சுருட்டி வாட்டி, மெத்தென்ற மெக்சிகோ பன்னில் வைத்து, வேகவைத்த பீன்ஸ், தக்காளி, வெங்காயம், மயோனிஸ், பச்சை மிளகாய் சாஸ் சேர்க்கிறார்கள். 1993இல் டேனியல் கான்ட்ரெராஸ் வண்டிக்கடையாகத் தொடங்கிய ‘எல் குவேரோ கனேலோ’ 2018இல் அமெரிக்க உணவுத்துறையின் பெருமைக்குரிய ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றது. ஜெர்மானியர் கொண்டுவந்த சாசேஜ் இப்படி ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்க்காரர்களின் சொந்தச் சாப்பாடாகிவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் கவனம். சிகாகோவில் மாட்டிறைச்சி மட்டும், மற்ற பல ஊர்களில் மாடும் பன்றியும் கலப்பு. வேண்டாதவர்கள் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பென்ஸில் சைவ சில்லிகூட உண்டு.

ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு டெட்ராய்ட்டுக்கு. அடுத்தடுத்த இரண்டு கதவுகள், ஆளுக்கொன்று வாங்கிப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்ளுங்கள். எங்கே போனாலும் உங்கள் விருப்பப்படி மாற்றச் சொல்லாமல், அந்த ஊர்க்காரர் எப்படிச் சாப்பிடுகிறாரோ அப்படியே முதல் தடவை கேட்டு வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த தடவை தக்காளி சாஸ் கேட்கலாம், சிகாகோவில் தவிர.